எழுத்துருவை மாற்றினாலும் மெனுவில் பழைய ‘லை’யே வருகிறது

2024 மார்ச் 9, சனி, இரவு 10.40

டெபியன் 12 லினக்ஸ், க்னோம் 43 திரைச்சூழல், வேலண்டு அமர்வு. இடைமுகம் முழுவதையும் தமிழில் வைத்திருக்கிறேன். மூன்று நாட்களாக மெனுக்களிலும் அறிவிப்புகளிலும் ‘லை’, ‘னை’, ‘ணை’, ‘ளை’ ஆகிய எழுத்துகள் 1978-க்கு முந்தைய வடிவில் வருகின்றன. ஐகாரக் குறி தனியாக முன்னால் நிற்காமல், எழுத்தின் தலையோடு ஒட்டி, யானைத் தும்பிக்கைபோல் வளைந்து நிற்கிறது. ‘ணா’, ‘றா’, ‘னா’ ஆகியவையும் கால் இல்லாமல் கீழே சுருண்டுவிட்டன. ‘இல்லை’ என்று ஒரு பொத்தானில் வரும்போதெல்லாம் என் பாட்டி எழுதிய அஞ்சலட்டையைப் படிப்பதுபோல் இருக்கிறது.

க்னோமின் தோற்றத்தை மாற்றும் டுவீக்ஸ் செயலியில் இடைமுக எழுத்துருவை ‘நோட்டோ சான்ஸ் தமிழ்’ என்று மாற்றினேன். ஆங்கில எழுத்துகள் உடனே உருமாறின. தமிழ் எழுத்துகள் அசையவே இல்லை. வெளியேறி மீண்டும் நுழைந்தேன், கணினியை மறுதொடக்கம் செய்தேன், எழுத்துருத் தற்காலிகச் சேமிப்பைப் புதுப்பிக்கும் எஃப்சி-கேஷ் கட்டளையையும் இரண்டு முறை ஓட்டினேன். எதுவும் பலிக்கவில்லை. உள்நுழைவுத் திரையில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. கடவுச்சொல்லைத் தட்டி உள்ளே வந்த பிறகுதான் இந்தக் கூத்து. டுவீக்ஸ் வேலை செய்யவில்லை என்றே நினைக்கிறேன். இங்கே படிப்பவர்களில் வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

2024 மார்ச் 9, சனி, இரவு 11.25

திரையில் இருப்பது எந்த எழுத்துரு என்று முதலில் கண்டுபிடிக்கச் சொன்னார்கள், இங்கே பதில் எழுதியவர்கள். நியாயமான கேள்வி, இதைக் கேட்காமலே மூன்று நாட்களாக அமைப்புகளை உருட்டிக்கொண்டிருந்தேன். முனையத்தில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்), எந்த எழுத்துரு தேர்வாகும் என்று சொல்லும் எஃப்சி-மேட்ச் கட்டளைக்கு ‘சான்ஸ்-செரிஃப், மொழி தமிழ்’ என்று கொடுத்தால் (சான்ஸ்-செரிஃப் தனி எழுத்துருவின் பெயரல்ல, ஒரு வகையின் பொதுப்பெயர்) ‘லோகித் தமிழ் கிளாசிக்கல்’ என்று பதில் வருகிறது. பழைய எழுத்து முறைக்காகவே செய்யப்பட்ட எழுத்துரு அது. யூனிகோடில் பழைய ‘லை’க்கும் புதிய ‘லை’க்கும் தனித்தனிக் குறியீடுகள் கிடையாது, லகரமும் ஐகாரக் குறியும் அடுத்தடுத்து வந்தால் அவற்றை எப்படி வரைவது என்பதை எழுத்துருவே முடிவு செய்கிறது. ஆகவே கோப்புகளில் எந்தக் கோளாறும் இல்லை. எழுத்துருத் தேர்வில்தான் கோளாறு.

அந்த எழுத்துரு என் கணினிக்கு வந்த கதையும் நினைவுக்கு வந்துவிட்டது. புதன்கிழமை மாலை சினாப்டிக் என்ற நிறுவல் செயலியில் தமிழ் எழுத்துருக்களைத் தேடி, கண்ணில் பட்ட எல்லாவற்றையும் குறியிட்டு நிறுவினேன். டெபியனில் அவற்றின் பொதிகளின் (நிறுவுவதற்கான கோப்புத் தொகுப்புகளின்) பெயர்கள் ‘தமிழ்’ என்று முடியாமல் ‘டிஏஎம்எல்’ என்ற நான்கெழுத்தில் முடிகின்றன. எழுத்து முறைகளுக்கான ஐஎஸ்ஓ 15924 தரத்தில் தமிழ் எழுத்துக்குரிய குறி அது. லோகித், மீரா இனிமை, சம்யக் ஆகியவற்றோடு இந்தக் கிளாசிக்கலும் கூடையில் விழுந்திருக்கிறது. புதன் இரவிலிருந்துதான் தொல்லை. குற்றவாளி அந்தப் பொதிதான்.

2024 மார்ச் 10, ஞாயிறு, காலை 8.15

முதல் குறிப்பில் எழுதியவற்றில் இரண்டைத் திருத்த வேண்டும்.

எஃப்சி-கேஷ் ஓட்டியது வீண் வேலை. செயலிகளுக்கு எழுத்துருவைத் தேர்ந்து தரும் ஃபான்ட்கான்ஃபிக், எழுத்துருக் கோப்புறைகள் மாறியிருக்கின்றனவா என்று தானாகவே பார்த்துக்கொள்கிறது. இயல்பான இடைவெளி 30 நொடிகள். தெரியாத எழுத்துருவைத் தெரியவைக்க அந்தக் கட்டளை எப்போதாவது உதவலாம். என் சிக்கலில் எழுத்துரு தெரியாமல் இல்லை, வேண்டாதது தெரிகிறது.

டுவீக்ஸையும் வீணாகப் பழித்துவிட்டேன். டுவீக்ஸ் செய்வது ஒன்றுதான்: இடைமுக எழுத்துருவின் பெயரை க்னோமின் அமைப்புக் களஞ்சியத்தில் எழுதுகிறது. ஜிடிகே என்ற கருவித்தொகுப்பில் எழுதிய செயலிகள் அந்தப் பெயரை, உரையை அடுக்கும் பாங்கோ நூலகத்திடம் கொடுக்கின்றன. பாங்கோ ஒரு வரியை எழுத்து முறை வாரியாகத் துண்டு போட்டு, தமிழ்த் துண்டுக்கு ‘மொழி தமிழ்’ என்றும் ஆங்கிலத் துண்டுக்கு ‘மொழி ஆங்கிலம்’ என்றும் குறித்து, ஃபான்ட்கான்ஃபிக்கிடம் எழுத்துரு கேட்கிறது. அங்கேதான் விதிகள் குறுக்கிடுகின்றன. நாம் கேட்ட பெயருக்கு முன்னால் இன்னொரு பெயரைச் செருகும் உரிமை அந்த விதிகளுக்கு உண்டு. ஆங்கிலம் மாறியதே டுவீக்ஸ் சொன்னது போய்ச் சேர்ந்தது என்பதற்குச் சான்று. தமிழ் மாறாதது, தமிழுக்கென்று வேறு யாரோ வழியில் நிற்கிறார்கள் என்பதற்குச் சான்று. ‘அமைப்பு ஏற்கப்படவில்லை’ என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இப்படித்தான் இருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

2024 மார்ச் 10, ஞாயிறு, பிற்பகல் 3.50

வழியில் நிற்பவரை நானும் ஒரு விதி எழுதியே விரட்டலாம் என்று முடிவு செய்தேன். வீட்டுக் கோப்புறையில் மறைந்திருக்கும் ‘கான்ஃபிக்’ கோப்புறைக்குள் ‘ஃபான்ட்கான்ஃபிக்’ என்றொரு கோப்புறையை உருவாக்கி, அதற்குள் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பை வைத்தேன். மொழி தமிழ் என்றால் நோட்டோ சான்ஸ் தமிழைப் பட்டியலின் முன்னால் சேர், வலுவான பிணைப்போடு (எளிதில் பின்னுக்குத் தள்ள முடியாதபடி) சேர், என்பதே அதிலிருந்த ஒரே விதி. அதை நானே தட்டச்சு செய்யவில்லை. ஒரு வலைப்பதிவிலிருந்து வெட்டி ஒட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை.

மீண்டும் எஃப்சி-மேட்ச் ஓட்டியபோது, பதிலுக்கு மேலே இரண்டு வரிகள் வந்தன. ஒன்று எச்சரிக்கை, இன்னொன்று பிழை. எச்சரிக்கை புதன்கிழமைக்கு முன்பிருந்தே வருவதுதான், பழைய இடத்தில் உள்ள ஏதோ கோப்பைப் பற்றியது, அதை விட்டுவிட்டேன். பிழைதான் முக்கியம்: என் புதிய கோப்பின் 5-ஆம் வரி சரியான எக்ஸ்எம்எல் அல்ல என்றது. அந்த வரியைக் கால் மணி நேரம் உற்றுப் பார்த்தும் தவறு தெரியவில்லை. பிறகு எழுத்தளவை இரண்டு மடங்காக்கிப் பார்த்தபோதுதான், மேற்கோள்குறிகள் நேராக நிற்காமல் ஆறும் ஒன்பதும்போல் வளைந்திருப்பது தெரிந்தது. வலைப்பதிவு மென்பொருள் அழகுக்காக வளைத்துவிட்டிருக்கிறது. வளைந்த குறியை எக்ஸ்எம்எல் மேற்கோளாகவே கருதாது; ஆகவே என் விதி ஏற்கப்படவே இல்லை.

செயலிகளை ஐகானைச் சொடுக்கித் திறக்கும்போது இந்தப் பிழை வரி கண்ணுக்கே தெரியாது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். முனையத்திலிருந்து திறந்தால் தெரியும். இந்த அனுபவத்துக்குப் பிறகு கட்டளைகளைத் தமிழ் எழுத்தில்தான் எழுதுவதாக இருக்கிறேன். யாரும் இங்கிருந்து வெட்டி ஒட்ட முடியாது.

2024 மார்ச் 10, ஞாயிறு, மாலை 4.20

மேற்கோள்குறிகளை நேராக்கினேன். பிழை வரி மறைந்தது. எஃப்சி-மேட்ச் இன்னமும் கிளாசிக்கல் என்றே சொல்கிறது.

2024 மார்ச் 11, திங்கள், இரவு 9.30

தீர்ந்தது. ஃபான்ட்கான்ஃபிக்கில் ‘ரிஜெக்ட்ஃபான்ட்’ என்றொரு கூறு இருக்கிறது. எழுத்துருவின் குடும்பப் பெயர் லோகித் தமிழ் கிளாசிக்கலாக இருந்தால் அந்த எழுத்துருவைக் கணக்கிலேயே எடுக்காதே என்று எழுதினேன். அடுத்த நொடியே எஃப்சி-மேட்ச் நோட்டோ சான்ஸ் தமிழ் என்றது. செயலிகளை மூடித் திறந்தபோது மெனுக்களில் தும்பிக்கைகள் இல்லை. மூன்று நாட்களாக இதை ஒருவரும் சொல்லவில்லையே என்று ஒரு வருத்தம் உண்டு.

2024 மார்ச் 12, செவ்வாய், இரவு 10.05

நேற்றைய ‘தீர்ந்தது’ என்பதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

எங்கள் தாத்தா 1950-களில் எழுதிய நாட்குறிப்பைச் சில ஆண்டுகளுக்கு முன் லிப்ரெஓபிஸில் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். அவர் எழுதிய வடிவிலேயே அச்சில் வர வேண்டும் என்பது அத்தை மகனின் விருப்பம். இன்று அவன் தொலைபேசியில் அழைத்து இரண்டு பக்கங்கள் கேட்டான். கோப்பைத் திறந்தால் எல்லாம் இன்றைய வடிவில் இருக்கிறது. எழுத்துருப் பெயர்ப் பெட்டியில் ‘லோகித் தமிழ் கிளாசிக்கல்’ என்பது சாய்ந்த எழுத்தில் நிற்கிறது. அந்தப் பெயரில் எழுத்துரு இல்லை, வேறொன்றை வைத்துக் காட்டுகிறேன் என்று லிப்ரெஓபிஸ் சொல்லும் முறை அது.

ரிஜெக்ட்ஃபான்ட் இந்த வேலைக்கு ஏற்ற கருவி அல்ல. மெனுவில் வேண்டாம் என்று நான் சொன்னதை, எங்குமே வேண்டாம் என்று அது எடுத்துக்கொண்டது. பொதியையே நீக்கிவிடலாமே என்று நேற்று ஒருவர் சொன்னதற்கும் இதுவே பதில்: எனக்கு அந்த எழுத்துரு வேண்டும், தானாக முன்னால் வந்து நிற்கத்தான் கூடாது. விதியை நீக்கிவிட்டேன். தும்பிக்கைகள் திரும்பிவிட்டன.

2024 மார்ச் 13, புதன், காலை 7.10

இதற்கிடையில் வந்த வேறு கேள்விகளுக்கு ஒரே குறிப்பில் பதில் எழுதிவிடுகிறேன்.

பயர்பாக்ஸில் சில தளங்களில் மட்டும் எழுத்துரு மாறுவதில்லை என்றவருக்கு: அமைப்புகளில் எழுத்துருப் பகுதியின் மேம்பட்ட பெட்டியைத் திறந்தால், மேலே ஒரு மொழிப் பட்டியல் இருக்கும். அதில் ‘தமிழ்’ என்று தேர்ந்து நீங்கள் வைக்கும் எழுத்துரு, தன்னைத் தமிழ்ப் பக்கம் என்று அறிவித்துக்கொள்ளும் பக்கங்களுக்கு உரியது. ஆங்கில வார்ப்புருவில் தமிழ் எழுதும் வலைப்பதிவுகள் பெரும்பாலும் மொழியை ஆங்கிலம் என்றே விட்டுவைத்திருக்கும்; அங்கே உங்கள் தேர்வு செல்லாமல் போகலாம். தளம் தன் எழுத்துருவைத் தானே அனுப்பினாலும் செல்லாது. பக்கங்கள் தம் எழுத்துருவைத் தேர்ந்துகொள்ள அனுமதிக்கும் குறியை நீக்கினால்தான் உங்கள் எழுத்துரு வரும், ஆனால் ஐகான்களை எழுத்துருவாக அனுப்பும் சில தளங்களில் அப்போது ஐகான்கள் வெறும் கட்டங்களாகிவிடலாம். எந்த எழுத்துரு பயன்படுகிறது என்று ஊகிக்க வேண்டாம். சொல்லின் மேல் வலச்சொடுக்கி ஆய்வுக் கருவியைத் திறந்தால், எழுத்துருக்கள் என்ற தாவலில் பெயரே இருக்கும்.

லிப்ரெஓபிஸில் ஆங்கிலம் மட்டும் மாறித் தமிழ் மாறாதது வேறு கதை. அங்கே ஒவ்வொரு பாணிக்கும் மேற்கத்திய எழுத்துக்கு ஒன்று, சிக்கலான உரை அமைப்புக்கு ஒன்று எனத் தனித்தனி எழுத்துருக்களும் தனித்தனி அளவுகளும் உண்டு. தமிழ் இரண்டாவதில் அடங்கும். பாணியில் முதலாவதை மட்டும் மாற்றிவிட்டுத் தமிழுக்காகக் காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

துணைப்புள்ளி மென்மையாக்கலை (எழுத்தின் ஓரங்களை வழவழப்பாகக் காட்டும் முறை) இயக்கியும் சில செயலிகளில் வேறுபாடு தெரியவில்லை என்றவரின் செயலிகள் ஜிடிகே 4 வகையாக இருக்கும். ஜிடிகே 4 அதைச் செய்வதில்லை; டுவீக்ஸில் எவ்வளவு திருகினாலும் பயனில்லை.

பழைய ‘லை’தான் அழகு, விட்டுவிடுங்கள் என்றவருக்கு: என் அப்பாவும் இதையேதான் சொல்கிறார்.

2024 மார்ச் 14, வியாழன், இரவு 11.00

ஒரு விந்தை. ஃபிளாட்பேக் வழியாக நிறுவிய குறிப்பேட்டுச் செயலியில் தமிழ் ஒழுங்காக, இன்றைய வடிவில் வருகிறது. ஃபிளாட்பேக் செயலிகள் தமக்கென ஒரு தனி அடித்தளத்தில் ஓடுகின்றன என்பதால் அதில் வியப்பில்லை என்று முதலில் கடந்துவிட்டேன். பிறகு யோசித்தால், கணினியில் நிறுவியுள்ள எழுத்துருக்கள் அந்தச் செயலிக்கும் தெரிகின்றன. அதன் எழுத்துருப் பட்டியலில் கிளாசிக்கல் இருக்கவே செய்கிறது. இருந்தும் அது தேர்ந்தெடுக்கப்படவில்லை. பொதிதான் குற்றவாளி என்றால் இங்கேயும் அது தன் வேலையைக் காட்டியிருக்க வேண்டாமா?

புதிதாக ஒரு பயனரை உருவாக்கி நுழைந்து பாருங்கள் என்று நேற்று ஒருவர் ஒற்றை வரியில் எழுதியிருந்தார். சோம்பலில் செய்யவில்லை, நாளை செய்கிறேன்.

2024 மார்ச் 16, சனி, காலை 6.45

குற்றவாளி நான்தான்.

புதிய பயனரில் எல்லாம் சரியாக இருந்தது. அதே கணினி, அதே பொதிகள், அதே கிளாசிக்கல். அப்போதுதான் என் முதல் குறிப்பிலேயே விடை கிடந்தது உறைத்தது: உள்நுழைவுத் திரை ஒழுங்காக இருக்கிறது என்று நானே எழுதியிருக்கிறேன். அந்தத் திரை என் பெயரில் ஓடுவதில்லை, தனக்கென உள்ள ஒரு பயனர் பெயரில் ஓடுகிறது. என் வீட்டுக் கோப்புறையின் அமைப்புகளை அது படிக்காது. ஃபிளாட்பேக் செயலிக்கும் நான் வீட்டுக் கோப்புறையைத் திறந்துவிடவில்லை. என் கோப்புறையைப் படிக்காதவர்கள் எல்லோரும் நலமாக இருக்கிறார்கள், படிப்பவர்களுக்குத்தான் தும்பிக்கை முளைக்கிறது. இதை ஒரு வாரம் கண்ணெதிரே வைத்துக்கொண்டு பொதியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

எஃப்சி டீபக் என்ற சூழல் மாறிக்கு 1024 என்ற மதிப்பைக் கொடுத்து எஃப்சி-மேட்ச் ஓட்டினால், படிக்கப்படும் அமைப்புக் கோப்புகள் ஒவ்வொன்றும் வரிசையாக வரும். எண்ணிட்ட அந்தக் கோப்புகளின் வரிசையில் 49 தாண்டி, பயனரின் கோப்புகளைச் சேர்க்கும் 50-க்கு வந்தபோது, ஞாயிற்றுக்கிழமை நான் எழுதிய கோப்பு வந்தது. அதற்கு அடுத்து இன்னொன்றும் வந்தது: வீட்டுக் கோப்புறையில் நேரடியாகப் புள்ளியோடு தொடங்கும் பழைய ‘ஃபான்ட்ஸ் கான்ஃப்’ கோப்பு. கடைசியாகத் திருத்திய தேதி 2017 நவம்பர். ஒவ்வொரு முறையும் முனையத்தில் வந்த அந்த எச்சரிக்கை இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது: இந்த இடத்தில் அமைப்பு வைப்பது வழக்கொழிந்துவிட்டது, புதிய இடத்துக்கு மாற்றுங்கள் என்று. பிழை என்றால் நின்று படிக்கிறேன். எச்சரிக்கை என்றால் கடந்துவிடுகிறேன்.

கோப்பைத் திறந்தவுடன் எல்லாம் நினைவுக்கு வந்தது. தாத்தாவின் நாட்குறிப்பைத் தட்டச்சு செய்த காலத்தில், திரையிலும் அவர் எழுத்தைப் போலவே தெரியட்டும் என்று நானே எழுதிய விதி அது. மொழி தமிழ் என்றால் கிளாசிக்கலை முன்னால் வை. அதன்பின் கணினி மாறியது, டெபியன் பதிப்புகள் மாறின, வீட்டுக் கோப்புறையை மட்டும் ஒவ்வொரு முறையும் அப்படியே நகலெடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். டெபியன் 12-ஐப் புதிதாக நிறுவியபோது கிளாசிக்கலை நிறுவவில்லை. இல்லாத எழுத்துருவை முன்னால் வை என்னும் விதிக்கு ஃபான்ட்கான்ஃபிக் முணுமுணுப்பதுகூடக் கிடையாது. அடுத்த எழுத்துருவுக்குப் போய்விடும். சென்ற புதன்கிழமை எழுத்துரு வந்து சேர்ந்ததும், உறங்கிக்கிடந்த விதி எழுந்துகொண்டது. அதனால்தான் பொதிமேல் பழி விழுந்தது.

என் புதிய விதி ஏன் தோற்றது என்பதும் இப்போது விளங்குகிறது. இரண்டு விதிகளும் மொழியை மட்டுமே சோதிக்கின்றன, குடும்பப் பெயரைச் சோதிக்கவில்லை. அப்படி எழுதினால் முன்சேர்க்கும் பெயர் பட்டியலின் தலைக்கே போய்விடும்; இரண்டு பேர் அடுத்தடுத்துத் தலைக்குப் போனால், பின்னால் வந்தவரே முன்னால் நிற்பார். பழைய இடத்துக் கோப்பு புதிய இடத்துக் கோப்புக்குப் பிறகு படிக்கப்படுகிறது. டுவீக்ஸில் நான் பெயர் சொல்லிக் கேட்ட எழுத்துருவும் இதே காரணத்தால்தான் பின்னுக்குத் தள்ளப்பட்டது.

பொதியைப் பற்றி 9-ஆம் தேதி எழுதியதையும், ஒருவரும் வழி சொல்லவில்லை என்று 11-ஆம் தேதி அலுத்துக்கொண்டதையும் அழிக்காமல் விட்டுவைக்கிறேன்.

2024 மார்ச் 16, சனி, பிற்பகல் 1.30

இறுதியில் செய்தவற்றை மட்டும் எழுதுகிறேன். 2017-இன் கோப்பை நீக்காமல், பெயரை மாற்றித் தாத்தாவின் நாட்குறிப்பு இருக்கும் கோப்புறைக்கு நகர்த்தினேன். புதிய கோப்பின் விதியில் இரண்டாவது சோதனையாக, குடும்பப் பெயர் ‘சான்ஸ்-செரிஃப்’ ஆக இருக்க வேண்டும் என்று சேர்த்தேன். இப்போது நோட்டோ பட்டியலின் தலைக்குத் தாவாது. பொதுப்பெயரான சான்ஸ்-செரிஃபுக்குச் சற்று முன்னால்தான் அமரும், யாராவது பெயர் சொல்லிக் கேட்ட எழுத்துரு அதற்கும் முன்னால் இருக்கும். செயலி கேன்டரெல் என்ற எழுத்துருவைக் கேட்டாலும் இந்த விதி பொருந்துகிறது. ஏனென்றால் பொதுப்பெயர் இல்லாத கோரிக்கைகளின் கடைசியில் சான்ஸ்-செரிஃபைச் சேர்க்கும் வேலையை 49-ஆம் எண் கோப்பு முன்பே முடித்துவிடுகிறது.

எஃப்சி-மேட்ச் நோட்டோ சான்ஸ் தமிழ் என்கிறது. டுவீக்ஸில் மீரா இனிமை என்று மாற்றினால் மெனுக்கள் உடனே மீரா இனிமைக்கு மாறுகின்றன. நாட்குறிப்புக் கோப்பில் எழுத்துருப் பெயர் நிமிர்ந்து நிற்கிறது, ‘லை’ வளைந்து நிற்கிறது. முனையத்தில் எச்சரிக்கை வரியும் இல்லை.

2024 மார்ச் 17, ஞாயிறு, காலை 9.00

அப்பா இன்று என் கணினியில் மின்கட்டணம் செலுத்த உட்கார்ந்தவர், ‘நல்லாத்தானே இருந்தது, ஏன் மாத்தினே?’ என்று கேட்டார். அவருக்கெனத் தனிப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி, 2017-இன் கோப்பை அங்கே வைத்துக் கொடுத்திருக்கிறேன். புதிய இடத்தில்தான் வைத்தேன்.